தீக்கொரு சட்டம், நஞ்சுக்கொரு சட்டம்

(திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு இலக்கியத் தலைப்பன்று. கேட்க இனிய தலைப்புமன்று. போரில் தீயையும் நஞ்சையும் கையாளுவது பற்றிப் பன்னாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதே அது. 'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். சொல்லின் பொருளறிந்து சொல்லுதலைக் கடனாகக் கொண்டவர்கள் நாம். இந்தச் சட்டத்திலோ, ஒரே ஒரு சொல் ஓர் ஊரை எரித்தவனைக் காப்பாற்றி விடுகிறது. அந்தச் சொல் எது, அஃது எப்படி அங்கு வந்து அமர்ந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் இரண்டு நாள்களை உங்கள் கண்முன் வைக்கிறேன்.

2013-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21-ஆம் நாள். சிரியாவின் தலைநகர் தமாசுகசை அடுத்த கூத்தாப் பகுதியில், விடியுமுன் ஏவுகணைகள் வந்து வீழ்ந்தன. அவற்றுள் சாரின் என்னும் நரம்புநஞ்சு இருந்தது. உறங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கானோர், உடம்பில் ஒரு கீறலுமின்றி, மூச்சடைத்து மாண்டனர். உலகம் கொதித்தெழுந்தது. ஒன்றிய நாடுகள் அவையின் ஆய்வாளர்கள் சென்று, சாரின் பயன்படுத்தப்பட்டதை உறுதி செய்தனர். வல்லரசுகள் போர்முரசு கொட்டின. ஒரு திங்கள் முடியுமுன் சிரியா வேதிப்படைக்கலத் தடை உடன்படிக்கையில் சேர ஒப்பியது. அது கணக்குக் காட்டிய ஏறத்தாழ 1,300 டன் நச்சுப் பொருள்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டன.

இனி இரண்டாவது நாள். அதே ஆகத்துத் திங்கள் 26. ஐந்தே நாள் இடைவெளி. அதே சிரியாவில், அலெப்போவை அடுத்த உரும் அல்-குப்ரா என்னும் ஊரில், ஒரு பள்ளியின்மீது வானூர்தியிலிருந்து எரிகுண்டு வீசப்பட்டது. தோல் உரிந்து தொங்கக் கைகளை விரித்துக்கொண்டு மாணவர்கள் மருத்துவமனைக்கு நடந்து வந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் படிக்கச் சென்ற பிள்ளைகள். இதற்காக எந்த வல்லரசு முரசு கொட்டிற்று? எந்த உடன்படிக்கையில் கையொப்பமிடும்படி சிரியா நெருக்கப்பட்டது? எத்தனை டன் எரிகுண்டுகள் அகற்றப்பட்டன? ஒன்றும் நடைபெறவில்லை.

ஐந்து நாள்களுக்குள் உலகின் மனச்சான்று செத்துவிட்டதா? இல்லை. நஞ்சுக்கு ஒரு சட்டமும் தீக்கு ஒரு சட்டமும் உலகில் இருப்பதே கரணியம். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நஞ்சின் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1899-ஆம் ஆண்டு ஏகு நகரில் கூடிய நாடுகள், மூச்சைத் திணறடிக்கும் வளியைப் பரப்புவதையே 'ஒரே நோக்கமாக'க் கொண்ட எறிகுண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறின. 1907-இல் மீண்டும் அங்கே கூடி, நஞ்சையும் நஞ்சூட்டிய படைக்கலத்தையும் போரில் விலக்கின. செருமனியும் ஒப்பியது. ஆனால், 1915-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள், பெல்சிய நாட்டு ஈப்பர் என்னுமிடத்தில் செருமானியப் படை 5,700-க்கு மேற்பட்ட உருளைகளைத் திறந்துவிட்டுக் குளோரின் வளியைக் காற்றோடு பரப்பியது. 'உறுதிமொழி என்னவாயிற்று?' என்று கேட்டபோது செருமனிக்கு ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. 'நீங்கள் விலக்கியது எறிகுண்டை. நாங்கள் எதையும் எறியவில்லை. உருளையைத் திறந்தோம், காற்று கொண்டு சென்றது!' நுரையீரல் வெந்து செத்தவனுக்கு, நஞ்சு எறிந்து வந்ததா திறந்து வந்ததா என்ற வேறுபாடு உண்டா? சட்டத்தில் உண்டாயிற்று. சொல்லின் இடுக்கில் நுழைந்து தப்பும் கலை அங்கேதான் தொடங்கிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வளித்தாக்குதலை முன்னின்று நடத்திய பிரித்சு ஆபர் என்னும் வேதியியல் அறிஞர், காற்றிலிருந்து உரம் செய்யும் வழியைக் கண்டதற்காக 1918-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பயிருக்கு உணவூட்டிய அதே அறிவு, மாந்தனின் மூச்சையும் அடைத்தது. அந்தப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 90,000 பேர் நச்சுவளியால் இறந்தனர்; உடல்நலம் கெட்டோர் அதனினும் பன்மடங்கு.

அந்த அச்சத்தில் பிறந்ததுதான் 1925-ஆம் ஆண்டின் செனீவா நெறிமுறை. அது நச்சுவளியைப் போரில் பயன்படுத்துவதைத் தடுத்தது. செய்வதையோ சேர்த்து வைப்பதையோ தடுக்கவில்லை. 'பகைவன் முதலில் கையாண்டால் நாங்களும் கையாளுவோம்' என்று பல நாடுகள் தனிக்குறிப்பு எழுதிவைத்தே கையொப்பமிட்டன. ஒப்பிய இத்தாலி, 1935-36-இல் எத்தியோப்பிய மக்கள்மீது வானூர்தியிலிருந்து கடுகுவளியைப் பொழிந்தது. எத்தியோப்பிய மன்னர் எயிலி செலாசி 1936-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் செனீவாவுக்கே வந்து, அன்றைய உலக நாடுகள் கழகத்தின்முன் தம் மக்கள் பட்ட துயரை எடுத்துரைத்தார். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டு எழுந்து போயினர்; இத்தாலிமீது விதித்திருந்த பொருளியல் தடையையும் அடுத்த திங்களே நீக்கினர்.

1931-இலேயே அதே நெறிமுறையை ஒப்பியிருந்த ஈராக்கு, 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், தன் ஆட்சிக்குட்பட்ட அலப்சா என்னும் குர்தியர் நகரின்மீது நச்சுக்குண்டு வீசியது. ஏறத்தாழ 5,000 பேர் தெருவிலும் வாயிற்படியிலும் விழுந்து மாண்டனர். தாய்மொழி வேறாகப் பிறந்ததும் தமக்கென ஓர் ஆட்சியை வேண்டியதும் அன்றி அவர்கள் செய்த பிழை யாது? அந்நஞ்சுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் மேலை நாட்டு வணிகர்களிடமிருந்தும் சென்றவை. அவர்களுள் ஒரு டச்சு வணிகர்க்கு, பின்னர், 2005-இல், அந்நாட்டு வழக்குமன்றம் 15 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் அலப்சாவுக்குப் பின் கூடிய பாதுகாப்பு அவையோ, நஞ்சைக் கையாண்டவன் பெயரைச் சுட்டாமல், போரிடும் இரு பக்கத்தாரும் இனி விலகி நிற்கவேண்டுமென்று பொதுப்படச் சொல்லி முடித்தது.

இத்தனை பிணங்களின்மீது ஏறித்தான் உலகம் 1993-ஆம் ஆண்டின் வேதிப்படைக்கலத் தடை உடன்படிக்கைக்கு வந்து சேர்ந்தது. 1997-ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 முதல் அது நடப்பில் உள்ளது. 193 நாடுகள் அதில் உறுப்பாக உள்ளன. எகிப்தும் வடகொரியாவும் சேரவில்லை. இசுரேல் கையொப்பமிட்டும் உறுதி செய்யவில்லை. செய்தல், சேர்த்தல், கொடுத்தல், கையாளுதல் அனைத்தையும் அது தடுக்கிறது. எந்நிலையிலும் என்று சொல்லித் தடுக்கிறது. 1992-இல் பாக்கிசுத்தானோடு சேர்ந்து, 'இவ்வகைப் படைக்கலத்தை வைத்திருக்க மாட்டோம்' என்று அறிவித்த இந்திய அரசு, 1997-இல் 'எம்மிடம் இருக்கிறது' என்று இந்த உடன்படிக்கையின்கீழ்க் கணக்குக் காட்டி, 2009-இல் அழித்து முடித்தது. அமெரிக்கா தன் இருப்பை 2023-இல் அழித்து முடித்தது.

இவ்வுடன்படிக்கையின் வலிமை எங்கே இருக்கிறது? அதன் வரையறையில் இருக்கிறது. 'இன்ன இன்ன நஞ்சு' என்று பெயர்ப்பட்டியலோடு அது நிற்கவில்லை. தன் வேதிச்செயலால் உயிரியக்கத்தைத் தாக்கிச் சாவையோ முடக்கத்தையோ நிலைத்த கேட்டையோ விளைப்பது எதுவாயினும், அது போருக்காக வைக்கப்பட்டால் படைக்கலமே என்றது. இனிப் புதிதாக ஒரு நஞ்சைக் கண்டுபிடித்து, 'இது பட்டியலில் இல்லை' என்று எவனும் சொல்ல முடியாது. ஈப்பரில் திறந்த இடுக்கு 78 ஆண்டுகள் கழித்து அடைபட்டது.

அன்பர்களே, இனித் தீயின் கதைக்கு வருவோம்.

1868-இல் பீட்டர்சுபர்க்கு நகரில் நாடுகள் கூடி, 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள, வெடிக்கும் அல்லது எரியும் குண்டுகளைப் படைமறவர்மீது எய்வதில்லை என்று உறுதி பூண்டன. பகைவனின் படைவலியைக் குறைப்பதே போரின் நோக்கம்; அவன் துன்பத்தை வீணே மிகுவிப்பதன்று என்ற உயர்ந்த கருத்து அதில் இருந்தது. ஆனால், எண்ணிப் பாருங்கள்! ஒரு மறவன் உடம்பில் பாயும் சிறு குண்டில் தீ கூடாது. ஒரு நகரின்மேல் விழும் பெருங்குண்டில் தீ இருக்கலாம் என்பதே அதன் பயனாயிற்று.

1942-இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கன்னெய்யைக் கூழாக்கி நாபாம் என்னும் எரிபொருளை உண்டாக்கினர். உடம்பில் ஒட்டிக்கொண்டு எரிவதே அதன் தனித்திறம். 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் இரவு தோக்கியோ நகரின் மரவீடுகள்மீது எரிகுண்டுகள் பொழியப்பட்டன. ஒரே இரவில் ஏறத்தாழ நூறாயிரம் பேர் மாண்டனர். போருக்குப்பின் அதே தோக்கியோவில் போர்க்குற்ற வழக்குமன்றம் அமைந்தது. அங்கே தோற்றவர்கள் குற்றக்கூண்டில் நின்றனர். அந்த இரவின் தீ அங்கே வழக்காகவே வரவில்லை. தீர்ப்பு எழுதும் கை எரித்தவன் கையாக இருந்தால், தீ எப்படிக் குற்றமாகும்?

பின்னர் வியத்நாம். 1963-க்கும் 1973-க்கும் இடையில் அங்கே ஏறத்தாழ 388,000 டன் நாபாமை அமெரிக்கப் படை வீசியதாகக் கணக்கிட்டுள்ளனர். 1972-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் தென்வியத்நாம் வானூர்தி ஒன்று வீசிய நாபாமில் ஆடை எரிந்துபோக, கதறிக்கொண்டு சாலையில் ஓடிவந்த ஒன்பது அகவைச் சிறுமியின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் செய்ததை நூறு மாநாடுகள் செய்யவில்லை. உலகின் வெறுப்பு ஒன்று திரண்டது. 1980-ஆம் ஆண்டு அக்தோபர் 10-ஆம் நாள், கொடும்படைக்கலங்கள் சிலவற்றைப் பற்றிய உடன்படிக்கை செனீவாவில் நிறைவேறியது. அதன் மூன்றாம் நெறிமுறை எரிபடைக்கலம் பற்றியது. 1983 திசம்பரில் நடப்புக்கு வந்தது.

'தீயும் தடுக்கப்பட்டுவிட்டது அல்லவா?' என்பீர்கள். இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன சொல் வருகிறது. எரிபடைக்கலம் என்றால் என்ன? பொருளுக்குத் தீயிடவோ ஆளுக்குத் தீப்புண் விளைக்கவோ 'முதன்மையாக' வடிவமைக்கப்பட்ட படைக்கலம் என்கிறது அந்நெறிமுறை. முதன்மையாக! இந்த ஒரு சொல்லை நினைவில் வையுங்கள். வெளிச்சம் காட்டவும், புகை எழுப்பவும், குறிகாட்டவும் செய்யப்பட்ட குண்டு, போகிற போக்கில் ஆளை எரித்தால், அஃது எரிபடைக்கலம் ஆகாது என்று அதே நெறிமுறை வெளிப்படையாக விலக்கும் அளிக்கிறது.

இந்த இடுக்கில் நுழைந்து நிற்பதுதான் வெண்பாசுபரசு. காற்றுப் பட்ட அளவில் தானே தீப்பற்றுவது அது. 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு எரிவது. தசையைத் துளைத்து எலும்புவரை செல்வது. கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைக்கும்போது காற்றுப் பட்டு மறுபடியும் பற்றிக்கொள்வது. ஆனால் அது வெண்புகையையும் எழுப்பும். ஆகவே, 'எம் குண்டு முதன்மையாகப் புகைக்குண்டு' என்று சொல்லிவிட்டால் போதும். நெறிமுறையின் வாயிலில் நின்றே திரும்பிவிடலாம். 2004-ஆம் ஆண்டு நவம்பரில் ஈராக்கின் பல்லூசா நகரில் அமெரிக்கப் படை இதனைக் கையாண்டது. முதலில் வெளிச்சத்துக்காக மட்டும் என்று சொன்னவர்கள், மறு ஆண்டில், பகைவர்மீது எரிபடையாகவே ஏவியதை ஒப்புக்கொண்டனர். அன்று அமெரிக்கா மூன்றாம் நெறிமுறையில் உறுப்பே அன்று. 2009-இல் சேர்ந்தபோதும் தனக்கென ஒரு விலக்கை எழுதிக்கொண்டே சேர்ந்தது. இசுரேல் அந்நெறிமுறையில் இன்றும் சேரவில்லை. 2009 சனவரியில் காசாவில், மக்கள் ஏதிலியராய் அடைக்கலம் புகுந்திருந்த ஒன்றிய நாடுகள் உதவி நிறுவன வளாகத்தின்மீதே வெண்பாசுபரசு விழுந்து, உணவுக் கிடங்கு எரிந்தது.

இன்னோர் இடுக்கும் உண்டு. மக்கள் செறிந்த இடத்தில் உள்ள படைத்தளத்தை வானூர்தியிலிருந்து எரிகுண்டால் தாக்குதல் எந்நிலையிலும் கூடாது என்கிறது நெறிமுறை. நன்று. ஆனால் அதே குண்டைப் பீரங்கியால் தரையிலிருந்து எறிந்தால், படைத்தளம் மக்களிடமிருந்து தெளிவாகப் பிரிந்து நின்று, போதிய முன்காப்பும் செய்திருந்தால் எறியலாம் என்கிறது. மேலிருந்து விழும் தீ வேறு, பக்கத்திலிருந்து வரும் தீ வேறா? எறிந்ததா திறந்ததா என்று 1915-இல் கேட்ட அதே கேள்வி, இங்கே வேறு உடையுடுத்து வந்து நிற்கிறது.

உணர்வாளர்களே, இப்பொழுது நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்லூசாச் செய்தி வந்தபோது உலகெங்கும் பலர் 'வேதிப்படைக்கலம்! வேதிப்படைக்கலம்!' என்று கூவினர். நம் மேடைகளிலும் இப்படிப் பேசுவோர் உண்டு. அமெரிக்கா என்ன செய்தது? 'வெண்பாசுபரசு வேதிப்படைக்கலப் பட்டியலில் இல்லை' என்று அமைதியாக மறுமொழி சொன்னது. அவ்வளவில் அது சொன்னது சரியே. அஃது உடம்பைக் கெடுப்பது பெரிதும் வெப்பத்தால். நஞ்சின் வேதிச்செயலால் அன்று. நாம் தவறான பெயரைச் சொன்னோம், அவன் பெயரை மறுத்தான், செயல் மறைந்துபோயிற்று. கொலை செய்தவனைத் திருடன் என்று வழக்காடினால், திருடவில்லை என்று மெய்ப்பித்துவிட்டு அவன் வெளியே வந்துவிடுவான். ஆகவே சினம் மட்டும் போதாது. சினத்துக்குச் சரியான சொல் வேண்டும்.

சரியான சொல் எது? எந்தப் படைக்கலமாயினும், போரில் ஈடுபடாத மக்களை இலக்காக வைப்பது குற்றம். மக்களையும் படையையும் பிரித்தறியாமல் தாக்குவது குற்றம். பெறும் படைப்பயனுக்கு மிஞ்சிய அழிவை மக்களுக்கு விளைப்பது குற்றம். 1977-ஆம் ஆண்டின் செனீவாக் கூடுதல் நெறிமுறை இவற்றைத் தெளிவாகச் சொல்லுகிறது. குறைந்த கேடுள்ள வேறு படைக்கலத்தால் பகைவனை வீழ்த்த இயலும்போது, ஆள்மீது எரிபடை கையாளுதல் வழக்காற்றுச் சட்டப்படி தகாது என்று செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எரித்தவனை இந்தக் கயிறுகளால் கட்டலாம். ஆனால் கயிறு மெலிது. பன்னாட்டுக் குற்ற வழக்குமன்றத்தை நிறுவிய உரோம் சட்டத்தில், நஞ்சும் நச்சுவளியும் பெயர் சொல்லிப் போர்க்குற்றமாக எழுதப்பட்டுள்ளன. எரிபடை பெயர் சொல்லி எழுதப்படவில்லை.

இன்னுமொரு முரணைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணீர்ப்புகையைப் போர்முறையாகக் கையாளுதலை 1993-ஆம் ஆண்டு உடன்படிக்கை தடுக்கிறது. அதே புகையை ஓர் அரசு தன் குடிமக்கள் கூட்டத்தின்மீது, ஒழுங்கு காத்தல் என்னும் பெயரில், தெருவில் வீசலாம் என்று அதே உடன்படிக்கை ஒப்புகிறது. போர்க்களத்தில் எந்தப் புகையையும் கொடிய நஞ்சென்று மயங்கிப் பகைவன் கொடிய நஞ்சையே திருப்பி வீசக்கூடும் என்பது இதற்குச் சொல்லும் கரணியம். அதில் பொருளில்லாமலில்லை. ஆயினும், பகைநாட்டுப் படைமறவனுக்கு உள்ள காப்பு, உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த சொந்த நாட்டு மாணவனுக்கு இல்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

'நம் முன்னோர் இப்படிச் செய்தார்களா?' என்று ஓர் இளைஞர் கூட்டத்துக்கு முன் என்னைக் கேட்டார். மறைக்காமல் விடை சொல்கிறேன். செய்தனர். பகைவர் நாட்டைத் தீயிட்டு அழித்தலை 'எரிபரந்தெடுத்தல்' என்று வஞ்சித்திணையின் துறையாகவே தொல்காப்பியம் வகுத்துள்ளது. புலவர்களும் பாடினர். அதற்காகப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே தமிழில் சிலப்பதிகாரமும் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி, தன் கொடுந்துயரிலும், மூத்தோரையும் குழவிகளையும் அறவோரையும் விட்டுவிடும்படி தீக்குச் சொல்லியே ஏவினாள். தீக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணம் நம் காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் காப்பியத்துத் தீக்குச் செவி உண்டு. அது சொன்னதைக் கேட்கும். நாபாமுக்குச் செவி கிடையாது. நஞ்சைப் போலவே அதுவும் குழவி எது, படைமறவன் எவன் என்று அறியாது. நஞ்சை உலகம் முற்றாக விலக்கியதற்கு என்ன கரணியமோ, அதே கரணியம் தீக்கும் முற்றப் பொருந்தும்.

அப்படியானால் நாம் வலியுறுத்த வேண்டியவை மூன்று. ஒன்று, செய்தவன் உள்ளத்து நோக்கத்தை வைத்தன்றி, பட்டவன் உடம்பில் விளைந்த பயனை வைத்து எரிபடையை வரையறுக்க வேண்டும். 'முதன்மையாக' என்ற சொல் நீங்க வேண்டும். இரண்டு, வான்தீ, தரைத்தீ என்ற பிரிவு ஒழிய வேண்டும். மூன்று, எரிபடையால் ஆளை எரித்தல் பெயர் சொல்லியே போர்க்குற்றமாக எழுதப்பட வேண்டும். 1984-இலேயே மூன்றாம் நெறிமுறையை ஏற்ற இந்திய அரசு இதனை உலக அவையில் எழுப்ப எந்தத் தடையும் இல்லை. எழுப்பும்படி கேட்கும் கடமை நமக்கு உண்டு.

நம் மொழியில் எரிப்பது எரிபடை, நஞ்சூட்டுவது நச்சுப்படை. செயலைக் கொண்டு பெயர் அமைகிறது; சூழ்ச்சிக்கு அங்கே இடமில்லை. எழுதும்போதும் பேசும்போதும் இவ்விரண்டையும் குழப்பாமல் வழங்குங்கள். 'சட்டத்தால் என்ன பயன்? வல்லான் வகுத்ததுதானே வழி?' என்று சோர்ந்து போகாதீர்கள். ஈப்பரின் இடுக்கு அடைபட 78 ஆண்டுகள் ஆயின, ஆனால் அடைபட்டது. கூத்தாவில் செத்தவர்க்காக உலகம் அசைந்தது, அந்த இடுக்கை முன்னரே அடைத்து வைத்திருந்ததால்தான். உரும் அல்-குப்ராவின் பிள்ளைகளுக்காக அசையாதது, இந்த இடுக்கு இன்னும் திறந்து கிடப்பதால். அதை அடைக்கும் வேலை மீந்திருக்கிறது.